பழுப்பு நிற கெஸ்ட்ரல் காரை ஏழாவது மைலுக்கு அப்பாலும் ஓட்டிச் சென்றது குறித்து

வெக்ஸ்லி கவுண்டி ஷெரிஃப் அலுவலகம், மிச்சிகன் மாநிலம். 2024 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, காலை 10.10 மணி. சொல்லச் சொல்ல எழுதியவர்: டெபுடி மர்லின் ஹாக்.

என் பெயர் வாண்டா பியெஹோட்டா. வயது 74. ப்ரூக்கர் நகரம், ரிவர் சாலை, 311ஆம் எண் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. லாங்டன் மோட்டார் கம்பெனியில் 1969 முதல் 1982இல் அது மூடப்படும் வரை வேலை பார்த்தேன். முதல் ஏழு வருடம் ஆறாம் பிரிவில் சீட் உறை தைத்தேன், அதன் பிறகு வண்டி பூட்டும் லைனில் சோதனையாளராக இருந்தேன். என் டோக்கன் நம்பர் 4417.

பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்பதும், பேசினால் அது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்பதும் எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டன. வக்கீலாக இருக்கும் என் தங்கை மகன் கர்ட் நேற்று மூன்று முறை போன் செய்து, "பெரியம்மா, அது உங்க வண்டி இல்லன்னு உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க" என்று சொன்னான். நல்ல பிள்ளைதான். ஆனால் எனக்குத் தெரியும். எந்த இடத்தில் தெரிந்தது, தெரிந்த பிறகு ஏன் ஓட்டினேன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாக எழுதலாமா என்று டெபுடி கேட்டார். எழுத வேண்டாம், ஒருத்தி வற்புறுத்தினாள். அவள் பெயர் இர்மா கேட்லெட். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நான் அவளைப் பொய்க்காரி என்று சொன்னேன். இந்த வழக்கே அதிலிருந்து வந்ததுதான்.

டெபுடி ஹாக் இருபத்தொன்பது வயதுக்காரர். லாங்டன் என்பது பள்ளிக்கூடத்தின் பெயர் என்றே இதுவரை நினைத்திருந்தாராம். ஆகையால் இதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். எஸ்ரா லாங்டன் என்பவர் சோளம் விதைக்கும் யந்திரம் செய்துகொண்டிருந்தார். 1908இல் அதே பட்டறையில் கார் செய்தார். விதைக்கும் யந்திரத்தின் இரும்பு இருக்கையையே முதல் நாற்பது கார்களுக்கும் வைத்துவிட்டார், உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்று ஓட்டியதாகச் சொல்வார்கள். அதன் பிறகு மெத்தை வந்தது, கூரை வந்தது. யுத்த காலத்தில் ஆம்புலன்ஸ் செய்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு கெஸ்ட்ரல் வந்தது, அதை வாங்க ஒரு வருடம் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். அதன் பிறகு பேரன்மார் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். எழுபதுகளில் தகடு மெலிந்தது, லைன் வேகம் கூடியது, மணிக்கு ஐம்பத்தெட்டு வண்டி இறங்கியது. 1982 மார்ச்சில் கதவைச் சாத்தினார்கள். பெயரை விலைக்கு வாங்கியவர்கள் அதை எதன் மேலும் ஒட்டவில்லை.

லாங்டன் வைத்திருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பாட்டுப் பாடுவார்கள். அதைப் போல வண்டி பூமியில் இல்லை என்பவர் ஒருவர், அடுத்த வீட்டுக்காரர் அந்தப் பெயரைக் கேட்டாலே காறித் துப்புவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு வியாழக்கிழமை சம்பளம். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள், அன்று தச்சு வேலை தெரிந்தவன் பிரேக் பூட்டுவான். திங்கட்கிழமை வந்தவர்களுக்கும் தலை நேராக நிற்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் செவ்வாய், புதன் வண்டியாகக் கிடைக்குமா என்று விசாரித்துத்தான் வாங்குவார்கள்.

எங்களுக்குள் இன்னொரு வழக்கம் இருந்தது, அது கம்பெனி மேலிடத்துக்குத் தெரியாது. தொழிலாளி ஒருவர் தனக்கென்று கார் ஆர்டர் செய்தால் அந்தத் தாளின் மூலையில் பச்சை முத்திரை விழும். அந்த வண்டியை வீட்டு வண்டி என்போம். லைனில் பச்சை முத்திரை வருவதைப் பார்த்ததும் ஆளாளுக்குச் சைகை போகும். ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்குவார்கள், கதவுக்கு அடியில் துரு பிடிக்காமல் இன்னொரு பூச்சு கொடுப்பார்கள், பெட்டியிலிருக்கும் கார்பரேட்டர்களில் நல்லதாகப் பார்த்து எடுப்பார்கள். அதற்கான நேரத்தை அடுத்து வரும் வண்டியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். லைன் நிற்காது, வேறு எங்கிருந்து எடுப்பது? அந்த அடுத்த வண்டி யாருக்குப் போகிறது என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

இர்மா கேட்லெட் கென்டக்கியிலிருந்து வந்தவள். ஆறாம் பிரிவில் எனக்கு அடுத்த மெஷின். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுற்றி என் அம்மா கட்டிக்கொடுப்பதை அவள் தின்பாள், அவளுடைய சோள ரொட்டியை நான் தின்பேன், ஏழு வருடம் அப்படித்தான் போயிற்று. 1976 வசந்தத்தில் சோதனையாளர் வேலை ஒன்று காலியானது. இருவரும் விண்ணப்பித்தோம். எனக்குக் கிடைத்தது. "போடி போ, வெள்ளக் கோட்ட மாட்டிக்கிட்டு வந்து எங்களையே குத்தம் சொல்லு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு உள்ளிருந்து வந்ததா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்னுடையதுதான், அவள் எதுவும் செய்யவில்லை.

அதன் பிறகு ஜூலையில் நான் ஒரு கெஸ்ட்ரல் ஆர்டர் செய்தேன். அந்தக் கோடையில் வேறு வர்ணம் தட்டுப்பாடு என்பதால் முக்கால்வாசி வண்டிகள் பழுப்பு நிறம்தான், என்னுடையதும் அதே. இர்மா என்னிடம், "உன் சீட்ட நான்தான் தைப்பேன். வேற எவ கையும் படாது. அடியில சிவப்பு நூல் ஓட்டி, நம்ம பிரிவுல எல்லார் பேரும் எழுதி வைக்கிறேன், பாரு" என்றாள். ஆகஸ்ட் 27, வெள்ளிக்கிழமை என் வண்டி லைனில் வந்தது. பச்சை முத்திரையை நான் என் கண்ணால் பார்த்தேன். அது போய் மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன் பிறகு செப்டம்பரில் சாவி என் கைக்கு வந்தது. முதல் மழையில் உள்ளே தண்ணீர் இறங்கியது. சாவியை மூன்று தடவை திருப்பினால்தான் கிளம்பும். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் இருமி இருமி நின்றுவிடும். ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்குள் ஏதோ ஒன்று கடகடவென்று ஆடும், இன்று வரை ஆடுகிறது. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு நூல். பெயர் ஒன்றுகூட இல்லை. வண்டியின் ஜாதகம் மாதிரி அந்த ஆர்டர் தாளை சீட் ஸ்பிரிங்கில் செருகி அனுப்புவது வழக்கம், அதுவும் இல்லை. பாதி வண்டிகளில் அது விழுந்துபோகும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 21, செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர் முன்னால் அவளிடம் கேட்டேன். "தச்சேன்டி. சிவப்பு நூல்லதான் தச்சேன்" என்றாள். "அப்ப நூல் எங்க? வெயில்ல கரைஞ்சிருச்சா?" என்றேன். வேலை கிடைக்காத வயிற்றெரிச்சலில் என் வண்டியைக் கெடுத்ததோடு பொய்யும் சொல்கிறாள் என்றேன். அவள் எழுந்து நின்று, "என் வார்த்தை போதாதா ஒனக்கு?" என்று கேட்டாள். போதாது என்றேன். அதன் பிறகு கம்பெனி மூடும்வரை ஐந்தரை வருடம் அதே கூடத்தில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் மில் லேக் பக்கம் குடிபோனாள். ஓய்வு பெற்றவர்களின் விலாசப் பட்டியலை யூனியன் வருடா வருடம் அச்சடித்து அனுப்பும், அதில் அவள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பேன்.

வண்டியை ஏன் விற்கவில்லை என்று டெபுடி கேட்டார். விற்றால் அவள் ஜெயித்தது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். யார் கேட்டாலும் அருமையாக ஓடுகிறது என்று சொல்லிவந்தேன்.

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, கவுண்டி பொருட்காட்சி மைதானத்தில் லாங்டன் சொந்தக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அறுபத்திரண்டு வண்டிகள் வந்தன. என் வண்டி 14ஆம் இடம். 15ஆம் இடத்தில் அதே பழுப்பு நிறத்தில் இன்னொரு 1976 கெஸ்ட்ரல் நின்றது. அது ஓஹாயோ மாநிலம் டொலிடோவிலிருந்து வந்த டாக்டர் கிளேட்டன் வான்ஹூசன் உடையது. ஓய்வு பெற்ற பல் டாக்டர், 79 வயது, முதல் முறையாக வந்திருந்தார். நடுவர்கள் பார்ப்பதற்காக மெத்தை, பை, பொம்மை என்று எதுவும் வண்டிக்குள் இருக்கக்கூடாது என்பது சங்க விதி. அதனால் இரண்டு வண்டிகளும் உள்ளேயும் ஒன்று போலவே காலியாக இருந்தன.

காலையில் காபி குடிக்கும்போது வழக்கமான சண்டை நடந்தது. டாக்டர் வான்ஹூசன், "டயர் மாத்துனேன், பேட்டரி மாத்துனேன், பெல்ட்டு மாத்துனேன். நாப்பத்தெட்டு வருஷத்துல வேற ஒண்ணுமே பண்ணல. உலகத்துலயே இதுதாங்க நல்ல கம்பெனி" என்றார். எங்கள் சங்கத்து நார்பர்ட் கிளிங்கர், "என்னுதுல ரெண்டாவது குளிர்காலத்துல தரையே போயிருச்சு டாக்டர். காலக் கீழ விட்டுத் தள்ளிக்கிட்டே ஓட்டுனேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதே வருடம், அதே தொழிற்சாலை, ஒரு வண்டி இப்படி, ஒரு வண்டி அப்படி, எப்படி என்று டாக்டர் என்னிடம் கேட்டார். கம்பெனியில் வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். வீட்டு வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை, அதை நாங்கள் வெளியாட்களிடம் சொல்வதில்லை.

அதன் பிறகு பதினொன்றரை மணிக்கு ஹாட் டாக் வாட்டும் இடத்தில் பன் தீர்ந்துவிட்டது. நான் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். நடந்துபோய் பழுப்பு நிற வண்டியின் கதவைத் திறந்து, உட்கார்ந்து, என் சாவியைப் போட்டுக் கிளப்பினேன். லாங்டனில் சாவிக்குப் பல் வெட்டுவதில் சில மாதிரிகள்தான் உண்டு, தேய்ந்த சாவி எதையும் திறக்கும் என்று சங்கத்தில் கிண்டல் செய்வோம். இது வரை நான் செய்தது தவறுதலாக நடந்தது. இதை மட்டும்தான் கர்ட் சொல்லச் சொன்னான்.

வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. வெயிலுக்குச் சூடாகியிருக்கும் என்று நினைத்தேன். மைதானத்து வாசலைத் தாண்டிய பிறகு கதவு ஆடவில்லை என்பதைக் கவனித்தேன். காது மந்தமாகிவிட்டதோ என்று ஜன்னலை இறக்கினேன். அதுவும் ஒரே சுற்றில் இறங்கியது. பன் கடை நான்காவது மைலில் இருக்கிறது. நான் அதைக் கடந்து போனேன், ஆற்றுப் பாலத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆசை. பாலத்து ஏற்றத்தில் வழக்கம்போல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி இருமவே இல்லை. சும்மா ஏறி இறங்கியது. நான் சத்தமாகச் சிரித்தேன், எதற்கென்று தெரியவில்லை. இது என் வண்டிதானா என்று பிறகுதான் தோன்றியது.

ஏழாவது மைலில் மூடிக் கிடக்கும் பழைய பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். ஓஹாயோ. அந்த நேரம் பன்னிரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. டாக்டரின் வண்டி என்று அங்கேயே தெரிந்துவிட்டது. டெபுடி இதன் அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

அப்படியே திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, எல்லோரும் சிரித்திருப்பார்கள். நான் திரும்பவில்லை. இந்த வண்டி ஏன் இவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று தெரியாமல் எனக்குத் திரும்ப மனம் வரவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டுத் தலையிலும் இரண்டாவது முறை முறுக்கியதற்கான பெயிண்ட் கோடு இன்னும் மங்கலாக இருந்தது. அதன் பிறகு பின் சீட்டைத் தூக்கினேன். லாங்டன்காரர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஸ்பிரிங்கில் மடித்த தாள் இருந்தது. மூலையில் பச்சை முத்திரை. ஆர்டர் செய்தவர் என்ற கட்டத்தில் என் டோக்கன் நம்பர், 4417.

சீட்டைக் கவிழ்த்தேன். சிவப்பு நூல், இரட்டைத் தையல், ஓரம் முழுக்க. துணியில் மார்க்கர் பேனாவால் பதினொரு பேர் கையெழுத்து, அவர்களில் எட்டுப் பேர் இப்போது இல்லை. நடுவில் இர்மாவின் கோணல் எழுத்தில், 'வாண்டாவின் அகலமான பின்பக்கத்துக்காக, அன்போடு, ஆறாம் பிரிவு' என்று இருந்தது. இதை எழுதத்தான் வேண்டுமா என்று டெபுடி கேட்டார். எழுதுங்கள். அதன் மேல் நாற்பத்தெட்டு வருடம் ஒரு பல் டாக்டரின் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

அங்கே சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து யோசித்ததில் நடந்தது விளங்கியது. ஒரே நிறத்தில், ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வெளியே போயிருக்கின்றன. வாங்குபவர் பெயர் எழுதிய அட்டையைச் சாவியில் கட்டுகிற இடத்தில் யாரோ ஒருவர் மாற்றிக் கட்டிவிட்டார், அதுவும் வெள்ளிக்கிழமை. எனக்கு வந்தது அடுத்த வண்டி. என் வண்டிக்காக எந்த வண்டியின் நேரத்தைத் திருடினார்களோ அதே வண்டி. அன்று சீட் பொருத்தத்தைச் சோதித்து முத்திரை குத்தும் இடத்தில் நின்றவள் நான்தான். என் வண்டி போகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றதால் அடுத்ததைப் பார்க்காமலே குத்தினேன். கம்பெனி தவறு செய்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை, இர்மா செய்திருப்பாள் என்றுதான் உடனே தோன்றியது. அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அழுதேன் என்றும் எழுதலாம்.

அந்தப் பங்க்கிலிருந்து மைதானத்துக்குத் திரும்ப ஏழு மைல். மில் லேக்குக்கு முப்பத்தெட்டு மைல். வண்டி என்னுடையதல்ல என்று முழுக்கத் தெரிந்தே, மில் லேக் பக்கம் திருப்பினேன். ஒருநாளும் போனதில்லை, ஆனால் விலாசம் மனப்பாடம். போன் மைதானத்தில் என் கைப்பையில் இருந்தது. வழியில் யாரிடமாவது கேட்டுத் தகவல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள்.

ஒரு மணி அளவில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இர்மா தொப்பி வைத்துக்கொண்டு, புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்து முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை. பின்பக்கம், பக்கவாட்டு, தபால் பெட்டியைச் சுற்றி என்று மொத்தப் புல்லையும் வெட்டி முடித்தாள். இருபது நிமிடம் இருக்கும். நான் வெயிலில் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, "செத்துட்டியோன்னு நெனச்சேன்" என்றாள்.

"இன்னும் இல்ல."

"வண்டி நல்லாத்தான் வச்சிருக்க."

"இது என்னுது இல்ல இர்மா. வேற ஒருத்தரோடது."

"திருடிட்டியாடி?"

"ஆமா. ஏழாவது மைல்லேருந்து."

அதன் பிறகு நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து, சீட்டைத் தூக்கி, வந்து பார் என்றேன். அவள் புல் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.

"நான் தச்சத நான் எதுக்குடி பாக்கணும்? எனக்குத் தெரியும்ல. ஒனக்குத்தான் தெரியாது" என்றாள். "அன்னிக்கு நாப்பது பேர் முன்னாடி என் வார்த்தை போதாதான்னு கேட்டேன். போதாதுன்ன. இப்ப ஒரு மொழம் நூல் வந்து சொன்னதும் ஓடி வந்துட்ட. நூலத்தான நம்புற. என்னைய இல்லியே."

அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். நாலைந்து நிமிடம் கழித்து இரண்டு கண்ணாடிக் கோப்பையில் குளிர்ந்த தேநீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"போலீசுக்குப் போன் பண்ணிட்டேன். பாவம் அந்த டாக்டரு, வண்டியக் காணோம்னு தவிச்சுக்கிட்டு இருப்பாரு. சர்க்கரை போதுமா?"

போதும் என்றேன். அது பல்லில் ஒட்டுகிற அளவு இனிப்பாக இருந்தது, எப்போதும் அவள் போடுவது அப்படித்தான். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் ஏரிப் பக்கம் பார்த்தபடி தேநீரைக் குடித்து முடித்தாள், அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு டெபுடி ஹாக் வந்தார். டாக்டர் வான்ஹூசனும் அவருடன் இருந்தார், மைதானத்தில் அவர் புகார் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இர்மாவின் போன் வந்ததாம். அவர் முதலில் வண்டியைச் சுற்றி வந்து ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்துக்கொண்டார். என்னை அவர் திட்டவில்லை. "உங்க வண்டில உக்காந்து உங்களத் தேடி வரலாம்னு பாத்தேன். என் சாவி அதுல பொருந்துச்சு, ஆனா வண்டி கிளம்பவே இல்ல. நீங்க காலைல அருமையா ஓடுதுன்னு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டார். பொய் சொன்னேன் என்றேன்.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. குனிந்து சீட்டின் அடியைத் தடவிப் பார்த்தார். "அப்ப கம்பெனி நல்லா செய்யல. உங்க ஆளுங்க உங்களுக்குன்னு செஞ்சத நான் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். கம்பெனியைப் புகழ்ந்து அவர் எத்தனை பேரிடம் பேசியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. சீட்டை வேண்டுமானால் கழற்றிக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்றேன், அந்தச் சீட் அந்த வண்டிக்குத்தான் பொருந்தும்.

அப்போது இர்மா, நான் கூப்பிட்டபோது எழுந்திருக்காதவள், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து காருக்குள் தலையை விட்டாள்.

"சீட்டு சௌகரியமா இருந்துச்சா டாக்டர்?"

"முதுகுவலின்னு ஒருநாள் படுத்ததில்லம்மா."

"வராது. ரெட்டத் தையல். உள்ள பஞ்சு ரெண்டு மடங்கு வச்சேன், ஃபோர்மேனுக்குத் தெரியாம" என்று சொல்லி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் காட்டி, இவள் இப்படி, இவள் அப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். டெபுடியும் எட்டிப் பார்த்தார். நான் பின்னால் நின்று கேட்டேன். பதினொரு பெயரும் சொன்னாள். நடுவில் எழுதியிருந்ததை மட்டும் கையால் மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் வான்ஹூசன் என் மேல் வழக்கு வேண்டாம் என்று அங்கேயே சொன்னார். புகார் பதிவாகிவிட்டது, முடிவு அரசு வழக்கறிஞர் கையில் இருக்கிறது, வாக்குமூலம் தருவதும் தராததும் என் விருப்பம் என்று டெபுடி விளக்கினார். அதன் பிறகு என்னை வீட்டில் விடுவதற்காக ஷெரிஃப் வண்டியில் ஏறச் சொன்னார். நான் ஏறி உட்கார்ந்ததும் இர்மா ஜன்னல் பக்கம் வந்தாள்.

"மன்னிச்சிருன்னு சொன்னியே, கேட்டுச்சு. ஆனா வாயால சொல்றத நம்பக் கூடாதுன்னு நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த" என்றாள். "எழுதிக் குடு. சத்தியம் பண்ணி, கையெழுத்துப் போட்டு. வக்கீலு சொன்னான், சொந்தக்காரன் சொன்னான்னு பாதிய விட்டுட்டு எழுதுன, அப்புறம் இந்தப் பக்கமே வராத."

நான் சரி என்றேன். வண்டி கிளம்பும்போது அவள் கையசைக்கவில்லை. வெட்டிய புல்லை வாரத் தொடங்கியிருந்தாள்.

கர்ட் சொன்னபடி பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது என்பது தெரிந்தே பேசியிருக்கிறேன். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். மைதானத்தில் பன்னுக்காகக் காத்திருந்தவர்களிடமும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

டெபுடி ஹாக் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். அதன் பிறகு நானே கண்ணாடி போட்டு முதலிலிருந்து படித்தேன். நடந்தது இதுதான், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பிறருடைய வண்டி என்று தெரிந்தே முப்பத்தெட்டு மைல் ஓட்டினேன் என்பது உண்மை. 1976 செப்டம்பர் 21 அன்று லாங்டன் கம்பெனி சாப்பாட்டுக் கூடத்தில் இர்மா கேட்லெட் சொன்னது உண்மை. அன்று அவளைப் பற்றி நான் சொன்னது பொய். அவள் வார்த்தையே போதுமானது, அன்றைக்கே போதுமானதாக இருந்தது. இதைச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுச் சொல்கிறேன்.

இதன் நகல் ஒன்று வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், இப்போதே கையில் கொடுங்கள். நான் மில் லேக் வரை போக வேண்டியிருக்கிறது.

ஒப்பம்
வாண்டா பியெஹோட்டா